தமையனின் நோயும் சுப்பாராவின் மருந்தும்

கொழும்புத்துறையிலிருந்தோ குடாநாட்டின் வேறெந்தக் கிராமத்திலிருந்தோ குருதிப் புற்றுநோய் கண்ட பிள்ளையை மகரகம வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் பெற்றோருக்கு மெதோட்ரெக்சேட் என்ற மருந்தின் பெயர் விரைவிலேயே மனப்பாடமாகிவிடும். அவ்வகை மருந்துக்கு வழிதிறந்தவர் சென்னையில் மருத்துவம் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பதை அறிந்தோர் சிலரே.

1895 ஜனவரி 12ஆம் திகதி, அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில், தெலுங்குக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். மெட்ரிக்குலேஷன் பரீட்சையில் மூன்றாம் முயற்சியிலேயே தேறினார். மருத்துவக் கல்லூரியில் கதர் அணிந்தமையால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுமையான பட்டத்தை இழந்து தாழ்ந்த தராதரத்துடனேயே வெளியேறினார். கதருக்கு அவர் கொடுத்த விலை சிறியதன்று. இதற்கிடையில் சகோதரர் இருவரை நோய் அடுத்தடுத்துக் கொண்டுபோயிற்று. தமையனைக் கொன்றது ஸ்புரூ. குடலைப் பழுதாக்கிக் குருதியை வற்றச்செய்யும் நோய்.

அமெரிக்கா சென்றவர் நாடு திரும்பவே இல்லை. மனைவியையும் மீண்டும் காணவில்லை. ஹார்வர்டில் அரிய ஆய்வுகள் செய்தும் நிரந்தரப் பதவி கிடைக்காது, 1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்திற் சேர்ந்தார். அங்கே அவருடைய குழுவினர் 1945இல் போலிக்கமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தனர். தமையனைக் காப்பாற்றியிருக்கக்கூடிய உயிர்ச்சத்து அது.

குருதிக் கலங்கள் என்புமச்சையில் ஓயாது பிறப்பவை. ஒவ்வொரு பிரிவின்போதும் டிஎன்ஏ படியெடுக்கப்படப் போலிக்கமிலம் வேண்டும். அது குறைந்தால் தைமினுக்குரிய இடத்தில் யூராசில் புகும். அதை வெட்டியகற்றும் முயற்சியில் இழைகள் அறுந்து நிறமூர்த்தம் முறியும். முறிவைச் சீர்செய்யும் மரபணுக்களே விகாரமடைந்திருந்தாலோ, துண்டுகள் இடம்மாறி ஒட்டிக்கொள்ளும். அத்தகைய கலம் கட்டுமீறிப் பெருகும்போது குருதிப் புற்றுநோய் தோன்றுகிறது. இவ்விளக்கங்கள் எல்லாம் சுப்பாராவின் காலத்துக்குப் பிந்தியவை; குருதிப் புற்றுநோய்க்குரிய நிறமூர்த்தப் பிறழ்வொன்று முதன்முதலில் இனங்காணப்பட்டதே 1960இல்தான்.

பொஸ்டன் சிறுவர் வைத்தியசாலையின் சிட்னி ஃபார்பர் நோயுற்ற சிறுவருக்குப் போலிக்கமிலத்தைக் கொடுத்தபோது நோய் தணியவில்லை, விரைந்தது. சத்தை உண்டு பெருகும் கலத்துக்குச் சத்தின் போலியைக் கொடுத்தால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. சுப்பாராவின் குழுவினர் தயாரித்த அமினோப்டரினை 1947இன் பிற்பகுதியில் ஃபார்பர் பயன்படுத்தினார். 16 சிறுவரில் 10 பேருக்கு நோய் தணிந்தது, தற்காலிகமாகவேனும். அதுவரை அந்நோய் கண்ட பிள்ளைகளுக்கு அதுவும் கிட்டியதில்லை. மெதோட்ரெக்சேட் அம்மருந்தின் உறவுக்கூறு.

ஃபார்பரின் கட்டுரை 1948 ஜூனில் வெளியாயிற்று. அதே ஆண்டு ஓகஸ்டில் சுப்பாராவ் நித்திரையிலேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 53.