கலம் காத்த கைகள்

இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்துத் தோட்டங்களில் முன்னாளில் கமலை கட்டி நீர் இறைத்தனர். இரண்டு காளைகள் சரிவில் இறங்கும், வடம் இழுபடும், கிணற்றின் ஆழத்திலிருந்து நீர் நிறைந்த சால் மேலே வரும். அச்சாலின் அடியில் தோலால் ஆகிய வால் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அத்தோலிலே கிழிசல் விழுந்துவிட்டால், காளைகள் காலை முதல் மாலை வரை உழைத்தும் பயனில்லை. நீர் பாதி வழியிலேயே ஒழுகிவிடும். ஆதலால் அறிவுடைய உழவர் இறவை இல்லாத நாளிலேயே தோலை எடுத்துப் பார்ப்பர். எண்ணெய் இட்டுப் பதப்படுத்துவர். பழுது கண்ட இடத்தைத் தைத்து வைப்பர். பயிரின் உயிர் அச்சிறு தோலில் இருந்தது.

வறண்ட நிலத்திலே நீரைக் கிணற்றிலிருந்து மேலே கொணர்வது வாழ்வுக்கு வழி. நடுக்கடலிலே செல்லும் கப்பலிலோ, உள்ளே புகுந்த நீரை வெளியே இறைப்பது வாழ்வுக்கு வழி. அங்கும் மரத்தாலும் தோலாலும் ஆகிய எளிய கருவியே பன்னெடுங்காலம் உயிர்காத்து வந்தது. அத்தகைய பழுதுற்ற கருவிகளைக் கொண்டே ஒரு பாய்மரக் கப்பலையும் அதிலிருந்த மக்களையும் காத்த கடலோடி ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம். அவர் பெயர் ஜேம்ஸ் குக். உலகம் அவரைக் காப்டன் குக் என்று அறியும்.

இங்கிலாந்து நாட்டின் வடபகுதியில் யார்க்ஷயர் என்னும் மாவட்டம் உள்ளது. அங்கு மார்ட்டன் என்ற சிற்றூரில் 1728ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் குக் பிறந்தார். அவர் தந்தையார் பண்ணையில் கூலிக்கு உழைத்த ஏழை. பண்ணை உரிமையாளர் செய்த உதவியால் சிறுவர் குக் சில ஆண்டுகள் பள்ளியில் பயின்றார். பதினாறாம் வயதில் கடற்கரையூர் ஒன்றில் பலசரக்குக் கடையில் வேலைக்கு அமர்ந்தார். கடையின் உள்ளே பொருள்களை நிறுத்துக்கொண்டிருந்தவரின் உள்ளமோ வெளியே அலைகளை எண்ணிக்கொண்டிருந்தது. அதனை அறிந்த கடைக்காரர், சினவாமல், அவரை விட்பி என்னும் துறைமுகத்துக்கு அழைத்துச் சென்று, நிலக்கரிக் கப்பல்கள் உடைய ஜான் வாக்கர் என்பவரிடம் தொழில் பயிலச் சேர்ப்பித்தார்.

நிலக்கரிக் கப்பலில் பணியாற்றுதல் எளிதன்று. கயிறு திரித்தல், பாய் தைத்தல், நீர் இறைத்தல் முதலிய எல்லாத் தொழில்களையும் ஒருவரே கற்றல் வேண்டும். பகலில் இவற்றைக் கற்ற குக், ஓய்வு நேரங்களிற் கணக்கையும் வானநூலையும் கற்றார். கப்பலொன்றின் தலைமைப் பதவி அவரைத் தேடி வந்தது. அதனை வேண்டாமென மறுத்து, 1755ஆம் ஆண்டில் அரசாங்கக் கடற்படையில் சாதாரண மாலுமியாகவே சேர்ந்தார். கனடா நாட்டுச் செயின்ட் லாரன்ஸ் ஆற்றையும், நியூபவுண்ட்லாந்துத் தீவின் கரைகளையும் அளந்து அவர் வரைந்த படங்கள் அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தன.

வெள்ளிக்கோள் கதிரவனின் முகத்தைக் கடந்து செல்லும் அரிய காட்சி 1769ஆம் ஆண்டு சூன் 3ஆம் நாள் நிகழவிருந்தது. அதனைத் தென்கடலிலுள்ள தாகித்தித் தீவிலிருந்து கண்டு கணக்கிட ஒரு குழுவை அனுப்ப அரசு முடிவு செய்தது. அதற்குத் தலைவராக நாற்பது வயதை எட்டிக்கொண்டிருந்த குக் தேர்ந்தெடுக்கப் பெற்றார். அவருக்கென அளிக்கப் பெற்ற கப்பல் போர்க்கப்பலன்று. அவர் இளமையில் பழகிய விட்பியிலே 1764இல் கட்டப்பட்ட நிலக்கரிக் கப்பலே. அதற்கு எண்டவர் எனப் புதுப்பெயர் இட்டனர். முயற்சி என்பது அச்சொல்லின் பொருள். 94 பேருடன் அக்கப்பல் 1768ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் பிளிமத் துறைமுகத்தினின்றும் புறப்பட்டது.

மரக்கலம் எத்துணைச் செவ்வையாகக் கட்டப்பட்டிருப்பினும், பலகைகளின் இடுக்கு வழியே சிறிது சிறிதாக நீர் கசிந்து அடித்தளத்தில் தேங்கும். அதனை நாள்தோறும் வெளியேற்றுதல் வேண்டும். இதற்கென எண்டவர் கப்பலில் நான்கு பம்புகள் இருந்தன. அக்காலத்துக் கப்பற் பம்பு என்பது, நெடிய மரமொன்றை நீளவாட்டிற் குடைந்து செய்த குழாயே. அதன் அடி கப்பலின் அடித்தளத்தை எட்டும். தலை மேல்தளத்தில் நிற்கும். குழாயினுள் ஒரு தண்டு ஏறி இறங்கும். தண்டின் நுனியில் துளையுள்ள கட்டையும், அத்துளைமேல் தோலால் ஆகிய மூடியும் இருக்கும். கீழேயும் அத்தகைய மூடி ஒன்று உண்டு. கைப்பிடியை அழுத்தத் தண்டு மேலெழும். மேல்மூடி இறுக மூடிக்கொண்டு தன்மேல் உள்ள நீரைத் தூக்கும். கீழ்மூடி திறந்து புதுநீருக்கு வழிவிடும். தண்டு இறங்குகையில் கீழ்மூடி அடைந்துகொள்ளும், மேல்மூடி திறக்கும். தெருவோரத்து அடிபம்பை இயக்கியவர்க்கு இது எளிதில் விளங்கும். மரம் உளுத்தாலோ, தோல் காய்ந்து சுருங்கினாலோ, காற்றுப் புகுந்து நீர் ஏறாது. அமைதியான நாளில் எவரும் இக்கருவியை நினைப்பதில்லை. இடர் வந்த நாளிலோ, கப்பல் முழுவதும் அதனையே நம்பி நிற்கும்.

தாகித்தியில் வெள்ளியின் செலவைக் கண்டபின், குக் நியூசிலாந்தின் இரு பெருந்தீவுகளையும் சுற்றி வந்து படம் வரைந்தார். அங்கு முதன்முதல் கரையிறங்கியபோது அவருடைய ஆட்கள் சுட்டதில் அந்நாட்டு மாவோரி மக்கள் சிலர் உயிரிழந்தனர். அச்செயல் அவர் வரலாற்றில் நீங்காத கறையாகும். பின்னர் 1770ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் ஆஸ்திரேலியாவின் கீழ்க்கரையை அடைந்து, வடக்கு நோக்கிச் சென்றார். அக்கரையை ஒட்டிப் பல நூறு கல் தொலைவுக்கு நீருக்கடியில் பவழப்பாறைகள் மறைந்துள்ளன என்பதை அவர் அறியார்.

சூன் 11ஆம் நாள் இரவு; நிலவொளி விளங்கியது; காற்றும் இதமாக வீசியது. நீரின் ஆழத்தை அளந்தவாறே சென்றுகொண்டிருந்தனர். மணி பதினொன்றை நெருங்கியபோது, கப்பல் திடீரெனப் பாறையில் மோதி அசைவற்று நின்றது. அடிப்பலகை கிழிந்தது. நீர் உள்ளே பாய்ந்தது. கரையோ ஏழெட்டுக் காவதம் அப்பால் இருந்தது. இருந்த சிறு படகுகளோ எல்லாரையும் ஏற்றப் போதா.

குக் கலங்கவில்லை. உரத்த குரலில் எவரையும் கடிந்துகொள்ளவும் இல்லை. பாரத்தைக் குறைத்தால் ஓதம் ஏறும்போது கப்பல் மிதக்கும் என உணர்ந்து, பீரங்கிகள், இரும்பு, கற்கள், கெட்டுப்போன பொருள்கள் முதலாக 40, 50 டன் எடையைக் கடலில் எறியச் செய்தார். மறுநாட் காலை ஓதம் ஏறியது. ஆயினும் கப்பல் மிதக்கவில்லை. நீர் வரவு மிகுந்தது. நான்கு பம்புகளையும் இயக்க முயன்றனர். மூன்றே இயங்கின. நான்காவது எவ்வளவு முயன்றும் நீர் இறைக்க மறுத்துவிட்டது. வேண்டிய வேளையில் உதவாத கருவி அங்கே வெறும் மரமாக நின்றது.

எஞ்சிய மூன்று பம்புகளும் ஒரு கணமும் ஓயலாகாது. கால் மணிக்கொரு முறை ஆள் மாறி இறைத்தனர். குக்கும் தம் முறை வந்தபோது கைப்பிடியைப் பற்றினார். பெருஞ்செல்வரும் செடிநூல் அறிஞருமாகிய ஜோசப் பாங்க்ஸ் என்பாரும் பற்றினார். அதிகாரியென்றும் ஏவலர் என்றும் அங்கே வேறுபாடு இல்லை. திருவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டத்தை நீங்கள் கண்டிருக்கலாம். ஒருவர் கை தளரும்போது மற்றொருவர் கை வடத்தைப் பற்றுவதாலன்றோ அப்பெருந்தேர் அசைந்து நிலையை அடைகிறது! அவ்வாறே அன்று தளர்ந்த கை விலக, ஓய்ந்திருந்த கை வந்து பற்றியது.

அன்றிரவு பத்து மணிக்குமேல் ஓதம் மீண்டும் ஏற, கப்பலைப் பாறையிலிருந்து இழுத்து மிதக்கச் செய்தனர். பாறை தாங்கி நின்றவரை மூழ்காத கப்பல், மிதந்தபின் மூழ்கிவிடலாம் என்பதை அறிந்தே குக் இத்துணிவை மேற்கொண்டார். அடித்தளத்தில் நீர் ஏறத்தாழ நான்கடி நின்றது. அந்நேரத்தில் ஒரு திகைப்பு நேர்ந்தது. நீரின் மட்டத்தை அளந்துகொண்டிருந்தவரின் முறை முடிந்து வேறொருவர் வந்தார். முன்னவர் உட்பலகையின் மேலிருந்து அளந்தார். பின்னவரோ அதனை அறியாது வெளிப்பலகையிலிருந்து அளந்தார். இரண்டிற்கும் இடையே 16 முதல் 18 அங்குலம் வேறுபாடு உண்டு. ஆதலின் சிறிது நேரத்துக்குள் நீர் ஒன்றரை அடி ஏறிவிட்டதெனத் தோன்றியது. அச்சொல்லைக் கேட்டவுடன் அஞ்சாத நெஞ்சங்களும் அஞ்சின. இனி இறைத்து என்ன பயன் என்னும் எண்ணம் எழுந்தது. நல்வேளையாகத் தவறு விரைவில் வெளிப்பட்டது. அளவு கோணியதேயன்றி நீர் ஏறவில்லை எனத் தெரிந்ததும், சோர்ந்த கைகளில் புதுவலிமை பிறந்தது. முன்னினும் இருமடங்கு ஊக்கத்தோடு இறைத்தனர். பொழுது புலர்ந்து எட்டு மணி ஆவதற்குள் நீரின் மட்டம் நன்கு தாழ்ந்தது. தவறான அளவு ஒன்று எத்தனை பேரின் நெஞ்சுரத்தை அழிக்கவல்லது என்பதை எண்ணிப் பாருங்கள்.

எனினும் மனிதர் எத்தனை நாள் இடையறாது இறைத்தல் இயலும்? கப்பலில் இருந்த ஜானதன் மங்க்ஹவுஸ் என்னும் இளைஞர், முன்பு தாம் சென்ற வேறொரு கப்பலில் கண்ட முறையொன்றைக் கூறினார். குக் அதனை அவர் பொறுப்பிலேயே விட்டார். பழங்கயிற்றைப் பிரித்தெடுத்த நாரையும் ஆட்டு மயிரையும் கலந்து, ஒரு பாயின்மேல் சிறு சிறு கட்டிகளாகத் தைத்து, அதன்மேல் ஆட்டுச் சாணத்தையும் பூசினர். அப்பாயைக் கயிறுகளால் கப்பலின் அடியே செலுத்தினர். உள்ளே பாயும் நீரின் விசையே நாரையும் மயிரையும் இழுத்துச் சென்று துளையை அடைத்தது. அதன்பின் ஒரே பம்பு போதுமானதாயிற்று.

சில நாட்களில் ஓர் ஆற்றின் முகத்துவாரத்தைக் கண்டு, கப்பலைக் கரையேற்றினர். அடியைப் பார்த்தபோது அனைவரும் வியந்தனர். பாறையின் துண்டு ஒன்று முறிந்து, துளையிலேயே சிக்கி, அதனை ஓரளவு அடைத்துக்கொண்டிருந்தது. தச்சரும் கொல்லரும் அங்கேயே பழுது பார்த்தனர். ஏறத்தாழ ஏழு வாரம் அவர்கள் அங்குத் தங்கினர். அந்நிலத்துக்கு உரியவர்களாகிய கூகு இமிதிர் மக்களுக்கும் மாலுமிகளுக்கும் ஒருமுறை ஆமைகளைப் பங்கிடுவது பற்றிப் பூசல் மூண்டது; குக் துப்பாக்கியால் சுட, அவர்களுள் ஒருவர் காயமுற்றார். பின்னர், அம்மக்களுள் முதியவர் ஒருவர் முனை முறிந்த ஈட்டியுடன் வந்து அமைதி நாடினார். இப்பெருந்தன்மையை அம்மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் பெருமையுடன் நினைவுகூர்கின்றனர். அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில், அங்கு வாழ்ந்தவர்களின் இசைவைப் பெறாமலே, கீழ்க்கரை முழுவதையும் தம் அரசருக்கு உரியதென குக் அறிவித்தார். அதனால் அம்மக்களுக்குப் பின்னாளில் விளைந்த துன்பங்கள் மிகப் பல.

அக்டோபரில் கப்பல் பட்டேவியாவை அடைந்தது. இன்று ஜகார்த்தா என வழங்குவது அந்நகரமே. அங்குக் கப்பல் தச்சர் பழுதுகளை ஆராய்ந்து குக்கிடம் அறிக்கை தந்தார். ஒரு மணி நேரத்தில் 6 முதல் 12 அங்குலம் வரை நீர் புகுகிறது. இடப்பக்கத்துப் பம்பு ஒன்று முற்றும் பயனற்றது. ஏனையவையும் உளுத்து, துளையை எட்ட ஒன்றரை அங்குலமே எஞ்சியுள்ளது என அவ்வறிக்கை கூறியது. அடிப்பலகைகள் சில, அரைபட்டும் புழு அரித்தும், எட்டில் ஒரு பங்கு அங்குலக் கனமே கொண்டிருந்தன! தாளினும் சற்றுத் தடித்த அவ்வேலிக்கும் உளுத்த மரக்குழாய்களுக்கும் இடையேதான் அத்தனை உயிர்களும் பல நூறு காவதம் கடந்து வந்தன. டச்சுக்காரரின் துறையிலே எல்லாவற்றையும் செப்பனிட்ட பின்னரே குக் மேலே செல்ல உடன்பட்டார். ஆனால் அந்நகரின் காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் அங்கும் வழியிலுமாக முப்பது பேருக்குக் குறையாமல் உயிர் கவர்ந்தன. துளையை அடைத்த இளைஞர் மங்க்ஹவுசும் அவருள் ஒருவர். 1771ஆம் ஆண்டு சூலையில் எண்டவர் தாயகம் திரும்பியது.

1772 முதல் 1775 வரை நிகழ்ந்த இரண்டாம் பயணத்தில், குக் தென்முனை வட்டத்தைக் கடந்து பனிக்கடலில் உலவினார். மூன்றாம் பயணம் 1776இல் தொடங்கியது. இம்முறை ரிசல்யூஷன் என்னும் கப்பலைப் புதுப்பிக்கும் பணியைக் குக் முன்போல் அருகிருந்து கண்காணிக்கவில்லை. பலகை இடுக்குகள் செவ்வனே அடைக்கப்படாமையால் மழையும் கடல்நீரும் உட்புகுந்தன. பாய்மரங்களும் உறுதியாக இல்லை. குக்கின் பொறுமையும் முன்போல் இல்லை. 1779ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஹவாய்த் தீவிலிருந்து புறப்பட்ட சில நாளில் முன்பாய்மரம் புயலிற் பழுதுற்றது. அதனைச் சீர்செய்ய மீண்டும் அதே துறைக்குத் திரும்பினர். அங்குப் படகொன்று களவு போனது. அதனை மீட்கும் பொருட்டு அத்தீவின் மன்னரையே பிணையாகப் பிடிக்கக் குக் முயன்றார். சினமுற்ற மக்களின் கையால் பிப்ரவரி 14ஆம் நாள் உயிர் துறந்தார். பழுதுற்ற பாய்மரம் அவரை அக்கரைக்குத் திருப்பியது. பழுதுற்ற பொறுமை அவர் உயிரைக் கவர்ந்தது.

குக் கடலில் எறிந்த பீரங்கிகள் ஆறும் 1969ஆம் ஆண்டில் கண்டெடுக்கப் பெற்றன. அவை இன்று காட்சிப் பொருள்களாக விளங்குகின்றன. ஆயினும் அன்று உயிர்காத்தவை அப்பீரங்கிகள் அல்ல. உளுத்த மூன்று பம்புகளும் அவற்றைப் பற்றிய ஓயாத கைகளுமே. கலத்தைப் பேணிய நாளில் குக் வென்றார். பேணுதலில் தளர்ந்த நாளில் தோற்றார். நம் வீட்டுக் கருவியாயினும், ஊர்ப் பொதுக்கிணற்றின் பம்பாயினும், நம் உள்ளத்துப் பொறுமையாயினும், இடர் வருமுன்னரே பழுது பார்த்து வைத்தல் நம் கடமையாகும். இடர் வந்துற்றபோதோ, என் முறை எப்போது வரும் என்று கேட்டுக் கைப்பிடியைப் பற்றுவோமாக.