பறவைகளின் பஞ்சாங்கத்தைப் படித்த சாலிம் அலி

ஆண்டுக் கடைசியில் நம் கெடா பட்டணங்களின் மின்கம்பிகளில் அந்தி நேரம் வரிசை பிடித்து உட்காரும் தகைவிலான் குருவிகளைப் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். மலாய்க்காரர்கள் லாயாங்-லாயாங் என்பார்கள். மாதக்கணக்கில் இங்கே தங்கினாலும் அவை இங்கே முட்டையிடுவதில்லை. மார்ச், ஏப்ரலில் சீனா, ஜப்பான், சைபீரியா பக்கம் பறந்து போய், அங்கேதான் கூடு கட்டுகின்றன. பூச்சிக்கு இங்கே பஞ்சமா என்ன?

இந்தக் கேள்வியோடு சேர்த்து நினைக்க வேண்டிய மனிதர் சாலிம் அலி. 1896 நவம்பர் 12-இல் பம்பாயில் பிறந்தார். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்து, மாமா வீட்டில் வளர்ந்தார். பத்து வயதுவாக்கில் காற்றுத் துப்பாக்கியால் அவர் சுட்ட சிட்டுக்குருவியின் கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. அது என்ன குருவி என்று கேட்டுப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குப் போன சிறுவன், கடைசிவரை அந்தச் சங்கத்தை விடவில்லை.

1914-இல் குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலுக்கு உதவ பர்மாவின் தாவோய் நகருக்குப் போனார். கெடாவிலிருந்து இதே கரையோரமாக வடக்கே போனால் வரும் ஊர் அது. தொழில் தேறவில்லை, காட்டில் பறவை பார்த்ததுதான் மிச்சம். பிறகு அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்தது. ஜெர்மனிக்குப் போய்ப் பறவையியல் படித்துவிட்டு 1930-இல் திரும்பினால், பணமில்லை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

மனைவி தெஹ்மினாவோடு கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்தில் குடியேறினார். அந்த மழைக்காலத்தில் அங்கே தூக்கணாங்குருவிகள் கூடு பின்னிக்கொண்டிருந்தன. வேலையில்லாத மனிதர் நாள்தோறும் அவற்றைக் கவனித்தார். ஆண் குருவி பாதிக் கூடு கட்டி நிறுத்துகிறது. பெண் வந்து பார்த்துப் பிடித்திருந்தால்தான் மீதி வேலை நடக்கிறது. அது முட்டையிட்டதும் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கிவிடுகிறது. பெரிய குருவிகள் தானியம் தின்றாலும் குஞ்சுக்குப் பூச்சிதான் முக்கிய இரை. மழை பெய்தால்தான் கூட்டுக்கு நீளமான புல்லும் நெல்லிலையும், குஞ்சுக்குப் பூச்சியும் ஒரே நேரத்தில் கிடைக்கும். இனப்பெருக்கக் காலத்தைக் குறிப்பது குஞ்சின் வயிறுதான்.

தகைவிலான் கதையும் இதுதான். நம் நாட்டில் பூச்சி ஆண்டு முழுக்க ஓரளவு இருக்கிறது; ஆனால் இங்கேயே வாழும் பறவைகளும் அதற்குப் போட்டி. வடக்கேயோ பனி உருகிய சில மாதங்களில் பூச்சி ஒரேயடியாகப் பெருகுகிறது, பகலும் நீளம். வாய் பிளந்து நிற்கும் நாலைந்து குஞ்சுகளுக்கு ஊட்ட அதைவிட நல்ல காலம் ஏது? குளிர் வந்ததும் அங்கே இரையே இல்லை. உடனே தெற்கே பயணம்.

சாலிம் அலி பெரிதும் நேசித்த இடம் ராஜஸ்தானின் பரத்பூர் ஏரி. சைபீரியப் பெருங்கொக்குகள் 2002 வரை அங்கே இரைக்காகக் குளிர்காலம் கழித்தன, முட்டையிட வடக்கே திரும்பின. உள்நாட்டு நாரைகள் மழைக்குப் பின் அங்கேயே கூடு கட்டும். மழை பொய்த்தால் மீன் குறையும், பல நாரைகள் கூடே கட்டாது. வேடந்தாங்கலிலும் ஏரி நிரம்பினால்தான் கூட்டம்.

ஏரியைக் காக்க அவர் நேருவரை போனார். ஆனால் எனக்கு உறுத்தும் ஒன்றும் அங்கே நடந்தது. எருமைகள் உள்ளே மேயக் கூடாது என்று சாலிம் அலியும் சங்கமும் வலியுறுத்தினார்கள். 1982-இல் தடை வந்தது. எதிர்த்த கிராமத்தார் மீது போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. மேய்ச்சல் நின்றதும் புல் மண்டி நீர்ப்பரப்பை மூடியது. பறவைகளுக்கு இரை தேடும் இடம் சுருங்கியது. இதைக் கண்டு சொன்னதும் அவருடைய சங்கத்தின் நீண்டகால ஆய்வுதான். தங்களுக்கு எதிரான முடிவையும் மறைக்காதது அந்தச் சங்கத்துக்குப் பெருமை.

1987 ஜூன் 20-இல் சாலிம் அலி காலமானார். ஆய்வின் இறுதி அறிக்கையை அவர் பார்க்கவில்லை. பரத்பூர் கிராமத்தார் உள்ளே போய்ப் புல் அறுத்துக்கொள்ளப் பின்னர் அனுமதி கிடைத்தது.