ஒட்டுப் போட்ட காமிராவில் காட்டு யானை! மா. கிருஷ்ணன் வாழ்க்கை

திண்டிவனத்தில் இருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில் கிளியனூர் இருக்கிறது. மழை பெய்து ஏரிகள் நிரம்பிவிட்டால் அந்த வட்டாரத்தில் பறவைகளுக்குப் பஞ்சம் இல்லை. கொக்கு வரும். நாரை வரும். நீர்க்காகம் வரும்.

ஏரிக்கரையில் நின்று ஒரு நாரையைப் பாருங்கள். கண்ணுக்கு நன்றாகத் தெரியும். அதையே கைபேசியில் படம் பிடித்துப் பாருங்கள். படத்தில் நாரை இருக்காது. அரிசி மணி போல ஒரு வெள்ளைப் புள்ளிதான் இருக்கும்!

இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாம் என்று கரையை விட்டு இறங்கினால், நாரை பறந்துவிடும்.

கிட்டே போனால் பறக்கிறது. எட்ட நின்றால் படத்தில் தெரியவில்லை. என்ன செய்வது?

இந்தக் கேள்வியைத் தோளில் சுமந்துகொண்டு, ஏறத்தாழ அரை நூற்றாண்டு காடு காடாக நடந்தார் ஒரு தமிழர். யானை, காட்டெருமை, புள்ளிமான், பறவை என்று எல்லாவற்றையும் படம் பிடித்தார். அவர் படங்கள் எல்லாம் கறுப்பு-வெள்ளைப் படங்கள். அவர் காமிராவோ, அவரே ஒட்டுப் போட்டுச் செய்தது!

அவர் பெயர் மா. கிருஷ்ணன்.

எட்டாவது பிள்ளை

கிருஷ்ணன் 1912-ம் ஆண்டு ஜூன் 30-ந்தேதி திருநெல்வேலியில் பிறந்தார். தந்தையின் பெயர் அ. மாதவையா. "பத்மாவதி சரித்திரம்" என்ற நாவலை எழுதியவர். தமிழில் நாவல் எழுதிய முன்னோடிகளில் ஒருவர். உப்பு இலாகாவில் அதிகாரியாக இருந்தார்.

மாதவையாவுக்கு எட்டுப் பிள்ளைகள். கடைசிப் பிள்ளை கிருஷ்ணன்.

குடும்பம் சென்னையில் மயிலாப்பூருக்கு வந்து வீடு கட்டியது. இன்று மயிலாப்பூரில் கால் வைக்க இடம் இல்லை. அன்று அப்படி அல்ல. வீட்டைச் சுற்றிப் புதர்க்காடு. நரி நடமாடியது. வெளிமான் மேய்ந்தது. பறவைகளுக்குக் கணக்கே இல்லை. சிறுவன் கிருஷ்ணன் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தான்.

1925-ம் ஆண்டு அக்டோபர் 22-ந்தேதி அந்தக் குடும்பத்தில் இடி விழுந்தது.

அன்று சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டம். பி.ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாயப் பாடம் ஆக்க வேண்டும் என்று மாதவையா பேசினார். பேசிய இடத்திலேயே சாய்ந்தார். உயிர் பிரிந்தது.

கிருஷ்ணனுக்கு அப்போது வயது 13. மூத்த அக்காள் லட்சுமிதான் தம்பியை வளர்த்து ஆளாக்கினார்.

வேலை கிடைக்கவில்லை

இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்த கிருஷ்ணன், 1927-ல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே தாவர நூல் பேராசிரியராக இருந்தவர் பைசன் என்ற வெள்ளைக்காரர். செடி கொடிகளைத் தேடி அவர் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போவார். கிருஷ்ணனும் கூடவே போவார். ஒரு செடியை எப்படிப் பார்ப்பது, பார்த்ததை எப்படிக் குறித்து வைப்பது என்பதை அந்த மலைகளில் கற்றுக்கொண்டார்.

பி.ஏ. முடித்தார். எம்.ஏ. படித்தார். சட்டமும் படித்தார். ஆனால் மதிப்பெண்கள் அதிகம் இல்லை. நல்ல வேலை கிடைக்கவில்லை. பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதினார். கேலிச்சித்திரம் வரைந்தார். அச்சகத்திலும் வானொலியிலும் சில காலம் வேலை பார்த்தார். 1937-ல் இந்துமதியைத் திருமணம் செய்துகொண்டார்.

1942-ல் ஒரு வழி பிறந்தது. பெல்லாரி பக்கத்தில் சண்டூர் என்ற சிறிய சமஸ்தானம். அந்த மகாராஜா கிருஷ்ணனை வேலைக்கு அழைத்தார்.

என்ன வேலை? எல்லா வேலையும்தான்! பள்ளியில் ஆசிரியர். பிறகு நீதிபதி. பிறகு விளம்பர அதிகாரி. பிறகு மகாராஜாவின் அரசியல் செயலாளர். ஓய்வு நேரத்தில் ஆடு மேய்த்தார். புறா வளர்த்தார். சண்டூரைச் சுற்றிலும் மலையும் காடும் இருந்தன. அங்கே திரிந்து, கண்டதை எல்லாம் எழுதினார்.

1949-ல் சண்டூர், சென்னை மாகாணத்தோடு இணைந்தது. சமஸ்தானம் போயிற்று. வேலையும் போயிற்று.

வயது 37. மனைவியோடு சென்னைக்குத் திரும்பினார். மாதச் சம்பளத்தை அவர் நம்பவில்லை. பேனாவையும் காமிராவையும் நம்பினார். எழுதினால்தான் பணம். படம் விற்றால்தான் பணம். காட்டு விலங்கைப் பற்றி எழுதியே பிழைக்கலாம் என்று யாரும் துணியாத காலம் அது.

1950-ல் கல்கத்தா "ஸ்டேட்ஸ்மன்" பத்திரிகையில் "கண்ட்ரி நோட்புக்" என்ற பகுதியைத் தொடங்கினார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வரும். யானையைப் பற்றியும் எழுதினார். வீட்டுக் கொல்லையில் வரும் அணிலைப் பற்றியும் எழுதினார்.

ரப்பர் வளையமும் லென்சும்

காட்டு விலங்கைப் படம் பிடிப்பது அந்த நாளில் லேசான காரியம் அல்ல. வட நாட்டில் வன அதிகாரியாக இருந்த சாம்பியன் என்ற ஆங்கிலேயர், 1920-களில் ஒரு தந்திரம் செய்தார். புலி நடக்கும் பாதையில் கம்பியைக் கட்டினார். புலி அதை மிதித்ததும் வெளிச்சம் பளிச்சிடும். காமிரா தானே படம் எடுத்துவிடும்.

கிருஷ்ணனின் வழி வேறு. காமிராவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் நடந்தார். வளர்ப்பு யானையின் முதுகில் ஏறியும் போனார்.

கையில் இருந்த காமிராவை அவருடைய நண்பர் ஈ.ஆர்.சி. டேவிடார் பார்த்திருக்கிறார். அவர் நீலகிரியில் வாழ்ந்த வனவிலங்கு ஆர்வலர். காமிராவின் உடல் ஒரு கம்பெனி. தூரத்தைக் கிட்டே காட்டும் லென்சு வேறொரு கம்பெனி. மற்றத் துண்டுகள் எங்கெங்கோ கிடைத்தவை. எல்லாவற்றையும் கிருஷ்ணனே பொருத்தியிருந்தார். லென்சைப் பிடித்து நிறுத்தியவை குழாயை இறுக்கும் கிளிப்பும் ரப்பர் வளையமும் போலத் தெரிந்தன என்று டேவிடார் எழுதினார்.

இந்த விசித்திரக் காமிராவுக்குக் கிருஷ்ணன் ஒரு பெயர் வைத்தார். "சூப்பர் பாண்டரோசா!" கனம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை நினைவூட்டும் வேடிக்கைப் பெயர் அது.

இன்று இந்தத் தொல்லை இல்லை. எட்டவும் கிட்டவும் இழுக்கக்கூடிய சூம் லென்சு கடையில் கிடைக்கிறது. அதற்கும் காமிராவுக்கும் நடுவே பொருத்த ஒரு சிறு கண்ணாடி வளையமும் விற்கிறார்கள். அதன் பெயர் டெலிகன்வர்ட்டர். 400 மில்லிமீட்டர் லென்சில் இருமடங்கு வளையத்தை மாட்டினால், அது 800 மில்லிமீட்டர் லென்சு ஆகிவிடும். தூரத்து நாரை இரண்டு பங்கு பெரிதாகத் தெரியும்.

ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. கிட்டே காட்டுவதற்குக் கூலியாக அந்த வளையம் வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளும்.

இருமடங்கு வளையத்தை மாட்டினால் நாலில் ஒரு பங்கு வெளிச்சம்தான் காமிராவுக்குள் போகும். ஒன்றேகால் மடங்குக்குச் சற்று மேலான 1.4 வளையத்தை மாட்டினால் பாதி வெளிச்சம் போகும். சூம் லென்சுகள் பலவற்றில் முழு நீளத்துக்கு இழுத்ததும் வெளிச்சம் முன்பே குறைந்திருக்கும். வளையமும் சேர்ந்தால் இன்னும் இருட்டு.

வெளிச்சம் நாலில் ஒன்று ஆனால், காமிரா நாலு பங்கு நேரம் கண் திறந்திருக்க வேண்டும். அதற்குள் பறவை சிறகை அசைத்துவிடும். படம் கலங்கிவிடும். கை நடுங்கினால் அந்த நடுக்கமும் இரண்டு பங்கு பெரிதாகும். உச்சி வெயிலில் ஏரிக்கு மேல் கானல் அசையும் அல்லவா? அதையும் அந்த வளையம் பெரிதாக்கும்.

காட்டு விலங்குகள் வெளியே வருவது விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும்தான். அப்போது வெளிச்சமே குறைவு. ஆகவே வெயில் நன்றாக இருக்கும்போது 1.4 வளையம் உதவும். காமிராவை முக்காலியில் நிறுத்தினால் இன்னும் உதவும். மங்கிய நேரத்தில் அதைக் கழற்றி வைப்பதே மேல்.

எந்தக் கண்ணாடியும் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு. அதைத்தான் கிருஷ்ணன் செய்தார். விலங்கின் பழக்கத்தைத் தெரிந்துகொண்டார். எந்த நேரத்தில் தண்ணீருக்கு வரும்? காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது? காதை விரித்தால் யானை கோபமாக இருக்கிறதா, சும்மா விசிறுகிறதா? இவற்றை அறிந்தவருக்கு விலங்கு தானே கிட்டே வரும். அறியாதவர் எவ்வளவு நீளக் கண்ணாடி வைத்திருந்தாலும் அதன் முதுகைத்தான் படம் பிடிப்பார்.

வேடந்தாங்கல்

திண்டிவனத்துக்கு வடக்கே, மதுராந்தகம் பக்கம் இருக்கிறது வேடந்தாங்கல். மாரிக்காலத்தில் ஏரிக்குள் நிற்கும் மரங்களில் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் கூடு கட்டும். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். அதனால் அந்த ஊர் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைச் சுட விடாமல் காத்து வந்தார்கள். வெள்ளைக்காரக் கலெக்டரிடமே உத்தரவு வாங்கினார்கள்.

அந்தச் சரணாலயத்தைப் பற்றி 1960-ல் சென்னை மாநில வனத்துறை ஒரு நூல் வெளியிட்டது. எழுதியவர் கிருஷ்ணன்.

1968-ல் அவருக்கு ஜவகர்லால் நேரு பெயரால் ஆராய்ச்சி உதவித் தொகை கிடைத்தது. தென்னாட்டுக் காடுகளில் பெரிய விலங்குகள் எப்படி வாழ்கின்றன, எங்கே அருகி வருகின்றன என்று காடு காடாகப் போய்க் கணக்கெடுத்தார். அந்த ஆராய்ச்சியைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975-ல் நூலாக வெளியிட்டது. பத்மஸ்ரீ விருதும் வந்தது. 1995-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் "குளோபல் 500" விருது வந்தது.

விருதுகளுக்காக அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை. நம் நாட்டு மரங்கள் இருந்த இடத்தில் வெளிநாட்டு மரங்களை நடுவதைக் கண்டித்து எழுதிக்கொண்டே இருந்தார். நம் காடு நம் காடாகவே இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

தமிழிலும் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் பிற்காலத்தில் "மழைக்காலமும் குயிலோசையும்" என்ற பெயரில் தொகுத்தார்.

கடைசிக் கட்டுரை

1996-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந்தேதி, ஞாயிற்றுக்கிழமை. "ஸ்டேட்ஸ்மன்" பத்திரிகையில் கிருஷ்ணனின் கட்டுரை வழக்கம்போல வந்தது. அதே நாளில் சென்னையில் அவர் காலமானார். வயது 83. 1950-ல் தொடங்கிய பகுதி 46 ஆண்டுகள் வந்திருந்தது.

கிளியனூருக்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கம் பரந்து கிடக்கிறது கழுவெளி. கிருஷ்ணன் மறைந்து 25 ஆண்டுகளுக்குப் பிறகு, 2021-ல், தமிழ்நாடு அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. அங்கே போகிறவர்கள் இன்று நீள நீளமான லென்சுகளோடு போகிறார்கள்.

லென்சு இல்லாதவர்களும் போகலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, வெயில் ஏறும் முன்பு போகவேண்டும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி கரை ஓரமாக உட்கார வேண்டும். சத்தம் போடக்கூடாது. கரையை விட்டு இறங்கக்கூடாது. அரை மணி நேரம் அசையாமல் இருந்தால், எட்டப் போன நாரை மெல்ல மெல்ல மேய்ந்துகொண்டு இந்தப் பக்கம் வரும்.