வங்கி கடனைத் திருப்பிக் கேட்டபோது: மார்க் ட்வைன் கதை



நம் குடியிருப்பில் சொந்தத் தொழில் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். வங்கியில் ஓவர்டிராஃப்டோ கேஷ் கிரெடிட்டோ வைத்திருப்பீர்கள். வருடா வருடம் ரினியூ ஆகிக்கொண்டே வந்தால், அது நம் சொந்தப் பணம் போலவே தோன்ற ஆரம்பித்துவிடும். ஆனால் திடீரென்று ஒரு நாள், முழுத் தொகையையும் கட்டுங்கள் என்று கடிதம் வந்தால்? உலகப் புகழ் பெற்ற ஒருவருக்கு அப்படித்தான் வந்தது. அந்த வரலாற்றை இந்த இதழில் உங்களுக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

டாம் சாயர், ஹக்கிள்பெரி ஃபின் கதைகளைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அவற்றை எழுதிய மார்க் ட்வைனின் உண்மைப் பெயர் சாமுவேல் கிளெமென்ஸ். 1835-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பிறந்தார். 11 வயதில் தந்தையை இழந்தார். அச்சகத்தில் எடுபிடி, மிசிசிப்பி ஆற்றில் நீராவிக் கப்பல் ஓட்டுநர், பத்திரிகை நிருபர் என்று பல வேலை பார்த்து, எழுத்தாளராகப் பெயரும் பணமும் சம்பாதித்தார். 1870-இல் வசதியான குடும்பத்துப் பெண் ஒலிவியாவை மணந்தார்.

தன் புத்தகங்களால் பதிப்பாளர்கள்தான் அதிக லாபம் பார்க்கிறார்கள் என்று அவருக்கு ஒரு குறை. 1884-இல் தாமே ஒரு பதிப்பகம் தொடங்கினார். தன் அக்கா மகளின் கணவர் சார்லஸ் வெப்ஸ்டரை நிர்வாகியாக்கி, அவர் பெயரையே நிறுவனத்துக்கும் வைத்தார். முன்னாள் ஜனாதிபதி கிராண்டின் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டார்கள். 3 லட்சம் செட்டுக்கு மேல் விற்றது. 1886-இல் கிராண்டின் மனைவிக்கு ஒரே செக்கில் 2 லட்சம் டாலர் ராயல்டி கொடுத்தார்கள்.

இப்படித் தொடங்கிய நிறுவனம் பத்தே ஆண்டில் எப்படி மூழ்கியது? இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

அமெரிக்க இலக்கியத் தொகுப்பு ஒன்றை 11 பாகங்களாக வெளியிட்டார்கள். வாங்கியவர்கள் மாதத் தவணையில் பணம் கட்டினார்கள். ஆனால் காகிதம், அச்சு, பைண்டிங், விற்பனை ஏஜெண்ட் கமிஷன் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பணம் கொடுத்தாக வேண்டும். விற்பனை கூடக் கூட, கையில் இருந்த ரொக்கம் குறைந்துகொண்டே போனது. அந்த இடைவெளியை வங்கியில் பிராமிசரி நோட்டு எழுதிக் கொடுத்து நிரப்பினார்கள். வரவேண்டிய பணம் வருடக் கணக்கில் வரும். வாங்கிய கடனோ சில மாதங்களில் முடியும். வங்கி ஒவ்வொரு முறையும் நோட்டைப் புதுப்பித்துக் கொடுக்கும் என்ற நம்பிக்கையில்தான் வண்டி ஓடியது.

இது போதாது என்று, அச்சு எழுத்துகளைத் தானாகக் கோக்கும் பெய்ஜ் என்ற இயந்திரத்தில் சுமார் 14 ஆண்டுகளாகப் பணத்தைக் கொட்டினார். ஏறத்தாழ 3 லட்சம் டாலர். இயந்திரம் அடிக்கடி பழுதானது. அதற்குள் லினோடைப் சந்தையைப் பிடித்துவிட்டது.

1893-இல் அமெரிக்காவில் பெரும் நிதி நெருக்கடி. நூற்றுக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டன. தாக்குப் பிடித்த வங்கிகளும் கொடுத்த கடனைத் திரும்ப வசூலிப்பதில் இறங்கின. 1894 ஏப்ரலில் நியூயார்க்கின் மவுண்ட் மாரிஸ் வங்கி, வெப்ஸ்டர் நிறுவனத்தின் நோட்டுகளைப் புதுப்பிக்க மறுத்துப் பணத்தைக் கேட்டது. கட்ட வழியில்லை. ஏப்ரல் 18-ஆம் தேதி நிறுவனம் திவால் நிலையை ஒப்புக்கொண்டது. கடன் கொடுத்தவர்கள் ஏறக்குறைய நூறு பேர். மொத்தக் கடன் சுமார் 1 லட்சம் டாலர். ட்வைனுக்கு அப்போது வயது 58.

அந்த நேரத்தில் அவருக்குக் கிடைத்த பெரிய உதவி ஹென்றி ரோஜர்ஸ் என்ற நண்பர். ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் பெரும்புள்ளி. ட்வைன் தன் கணக்குவழக்கு முழுவதற்கும் அவரிடம் பவர் ஆஃப் அட்டர்னி எழுதிக் கொடுத்தார். கடன் கொடுத்தவர்களோடு ரோஜர்ஸ் நேரில் உட்கார்ந்து பேசினார். ஒலிவியாவும் தன் சொந்தப் பணத்தை நிறுவனத்துக்குக் கடனாகக் கொடுத்திருந்ததால், புத்தகங்களின் காப்புரிமையை அவர் பெயருக்கு மாற்ற வைத்தார். சம்பாதிக்கும் வழி அப்படியே மிஞ்சியது. (ஒன்று சொல்லிவிடுகிறேன்: இன்று நம் ஊரில் நெருக்கடி வந்த பிறகு சொத்தைக் குடும்பத்தார் பெயருக்கு மாற்றினால், கோர்ட்டில் அது செல்லாமல் போகலாம். வக்கீலைக் கேட்காமல் செய்யாதீர்கள்.)

ஒரு பகுதியைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ள வழி இருந்தும், ட்வைனும் ஒலிவியாவும் ஒரு சென்ட் குறையாமல் அடைப்பது என்று முடிவு செய்தார்கள். 1895 ஜூலையில் உலகச் சொற்பொழிவுப் பயணம் கிளம்பினார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இலங்கை, பிறகு இந்தியா. பம்பாய், காசி, கல்கத்தா, டார்ஜிலிங் என்று சுற்றினார்கள். திரும்பும் வழியில் கப்பல் நம் சென்னையிலும் ஒரு நாள் நின்றது. உடம்பு அடிக்கடி படுத்தியும் அவர் மேடை ஏறிக்கொண்டே இருந்தார்.

1896 ஜூலையில் தென்னாப்பிரிக்காவில் பயணம் முடிந்து இங்கிலாந்து வந்தார்கள். ஊரில் விட்டுவந்திருந்த மூத்த மகள் சூசி, ஆகஸ்ட் 18-இல் மூளைக் காய்ச்சலில் இறந்துபோனாள். வயது 24. ட்வைன் இங்கிலாந்தில் இருந்தார். ஒலிவியா மகளைப் பார்க்கப் புறப்பட்டு நடுக்கடலில் இருந்தார். இருவருமே மகளின் முகத்தை உயிரோடு பார்க்கவில்லை. அந்தத் துக்கத்தோடு உட்கார்ந்துதான் அவர் பயண நூலை எழுதி முடித்தார். 1897-இல் அது வெளிவந்தது. 1898 தொடக்கத்தில் கடன் முழுவதும் அடைந்தது. 1900-இல் அமெரிக்கா திரும்பியபோது மக்கள் அவரைக் கொண்டாடினார்கள். 1910-இல் காலமானார்.

கடனை அடைத்த நேர்மையை எல்லோரும் பாராட்டுகிறோம். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அதற்கு அந்தக் குடும்பம் கொடுத்த விலையையும் பாருங்கள். வங்கியில் நாற்பது வருடம் கிளார்க்காக லெட்ஜர் பார்த்தவன் என்ற உரிமையில் மூன்று விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, உங்கள் சாங்ஷன் கடிதத்தை எடுத்து ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். கேட்டவுடன் திருப்பித் தர வேண்டிய கடன் எது, தவணைக் கடன் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, குறுகிய காலக் கடனை மெஷினிலும் கட்டடத்திலும் முடக்காதீர்கள். மூன்றாவது, கடிதம் வந்துவிட்டால் ஒளிந்துகொள்ளாதீர்கள். வரவேண்டியது, கொடுக்க வேண்டியது இரண்டையும் ஒரே தாளில் எழுதி, விஷயம் தெரிந்த ஒருவரை அழைத்துக்கொண்டு மேனேஜரை நேரில் பாருங்கள். எழுத்துமூலமாக அவகாசம் கேளுங்கள்.

எல்லோருக்கும் ரோஜர்ஸ் போல ஒரு நண்பர் அமையமாட்டார். ஆனால் இந்தக் குடியிருப்பிலேயே ஆடிட்டர்கள் இருக்கிறார்கள், வக்கீல்கள் இருக்கிறார்கள், என்னைப் போல ஓய்வு பெற்ற வங்கிக்காரர்களும் இருக்கிறார்கள். தயங்காமல் கதவைத் தட்டுங்கள்.