எட்டுக் கலை

அறிவியல் பயில்பவனுக்கு நிலவைப் பார்த்து வியக்கத் தெரியாது என்று நம் சங்கத்தில் இலக்கியம் பயிலும் நண்பர்கள் கேலி செய்வது வழக்கம். கணக்கு உள்ளே நுழைந்தால் வியப்பு வெளியே போய்விடும் என்பது அவர்கள் கட்சி. பௌதிகம் படிக்கும் நான் வாதம் செய்யப் போவதில்லை. ஜோகன்னஸ் கெப்ளர் என்பாரின் வாழ்க்கையைச் சொல்கிறேன். தீர்ப்பை அவர்களே கூறட்டும்.

கெப்ளர் 1571ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வைல் டெர் ஸ்டாட் என்னும் சிற்றூரில், நொடித்துப்போன குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை கூலிப்படை வீரர். ஒரு நாள் போனவர் திரும்பவே இல்லை. இளமையில் கண்ட பெரியம்மை மகனின் பார்வையைக் கெடுத்துவிட்டது. 1577இல் வானில் பெரிய வால்மீன் தோன்றியபோது, தாய் கத்தரீனா சிறுவனை ஒரு மேட்டுக்கு அழைத்துச் சென்று அதைக் காட்டினார். அந்த வியப்பு அவரை விட்டு அகலவே இல்லை.

டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் சமயக் கல்வி பயின்றவர், 1594இல் கிராட்ஸ் நகரில் கணக்கு ஆசிரியரானார். மறு ஆண்டு வகுப்பில் படம் வரைந்துகொண்டிருந்தபோது ஓர் எண்ணம் மின்னியது. அன்று அறியப்பட்ட கோள்கள் ஆறு. அவற்றினிடையே இடைவெளிகள் ஐந்து. கனசதுரம், நான்முகி முதலான ஒழுங்குத் திண்ம உருவங்களும் ஐந்தே! ஒன்றினுள் ஒன்றாக அவ்வுருவங்களை அடுக்கித்தான் கடவுள் கோள்களுக்கு இடம் வகுத்தார் என்று முடிவு கட்டி, 1596இல் நூலும் வெளியிட்டார். எவ்வளவு அழகான கற்பனை! ஆனால் அளவுகள் சற்றே பொருந்தவில்லை.

சரியான அளவுகள் ஒருவரிடமே இருந்தன. டென்மார்க்கு நாட்டுப் பிரபு டைக்கோ பிராஹி, தொலைநோக்கி வருமுன்பே வெறுங்கண்ணாலும் பெரிய கருவிகளாலும் ஆண்டுக்கணக்காக வானத்தை அளந்து வைத்திருந்தார். 1600இல் கெப்ளர் பிராக் நகருக்குச் சென்று அவரிடம் சேர்ந்தார். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, ஒருவரின்றி மற்றவருக்கு முடியவும் இல்லை. 1601இல் டைக்கோ இறந்தார். குறிப்புகள் கெப்ளர் கைக்கு வந்தன.

செவ்வாயின் பாதையை எட்டே நாளில் கண்டு சொல்வதாகப் பந்தயம் கட்டியவருக்கு ஏறக்குறைய ஐந்தாண்டுகள் பிடித்தன. அலுப்பூட்டும் கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டு, வட்டப் பாதை ஒன்றை ஒருவாறு அமைத்தார். பல இடங்களில் அது இரண்டு கலைக்குள் பொருந்தியது. சில இடங்களில் மட்டும் எட்டுக் கலை பிழைத்தது. எட்டுக் கலை என்பது முழுநிலவின் அகலத்தில் கால்பங்கு. ஆய்வுக்கூடத்தில் எல்லாப் புள்ளிகளும் கோட்டில் விழ, ஒரு புள்ளி மட்டும் விலகி நின்றால் நம் கை என்ன செய்யத் துடிக்கும் என்பது நண்பர்களுக்குத் தெரியும். கெப்ளர் அந்தப் புள்ளியை அழிக்கவில்லை. டைக்கோ அவ்வளவு பிழை செய்திருக்க மாட்டார் என்று நம்பி, இரண்டாயிரம் ஆண்டுகளாக அறிஞர் போற்றிய வட்டத்தையே கைவிட்டார். முட்டை வடிவத்தை முயன்று தோற்று, கடைசியில் நீள்வட்டத்தைக் கண்டார். 1609இல் அது நூலாக வந்தது. அந்த எட்டுக் கலையைக் காட்டிலும் பெரிய அதிசயம் வானநூலில் வேறு உண்டா என்று எனக்கு ஐயமே.

இதனால் அவர் வறண்ட மனிதராகிவிட்டார் என்று எண்ணவேண்டாம். 1611இல், பனித்துகளுக்கு எப்போதும் ஆறு முனை இருப்பது ஏன் என்று கேட்டு ஒரு சிறு நூல் எழுதி நண்பருக்குப் புத்தாண்டுப் பரிசாக அளித்தார். கோள்களின் இசையைத் தேடி அலைந்தவர் 1618இல் மூன்றாம் விதியைக் கண்டார்: சுற்றும் காலத்தின் வர்க்கமும் தூரத்தின் கனமும் ஒரே விகிதத்தில் நிற்கும். வியாழன் பூமியைப்போல் 5.2 மடங்கு தொலைவில் உள்ளது, சுற்ற 11.86 ஆண்டு ஆகிறது. பெருக்கிப் பாருங்கள், இரண்டும் 140ஐ ஒட்டி வரும். ஐந்து திண்மங்களையோ அவர் கடைசிவரை விடவில்லை; 1621இல் அந்நூலை மறுபதிப்பும் செய்தார். இது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர்மீது அன்பு கூடுகிறது.

இதற்கிடையே, வால்மீனைக் காட்டிய தாயைச் சூனியக்காரி என்றார்கள். அவர் கொடுத்த பானத்தால் நோய் வந்ததென்று ஒருத்தி புகார் செய்ய, 1620இல் எழுபது கடந்த அம்மூதாட்டியைச் சிறையிட்டுச் சங்கிலியால் பிணைத்தார்கள். கெப்ளர் லின்ஸ் நகரிலிருந்து ஓடிவந்தார். செவ்வாயிடம் காட்டிய அதே பொறுமையோடு, குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, நோய்களுக்கு இயற்கையான காரணங்களைக் காட்டி எழுதினார். வதைக்கருவிகளைக் காட்டி மிரட்டியும் தாய் குற்றத்தை ஒப்பவில்லை. பதினான்கு மாதச் சிறைக்குப்பின் 1621இல் விடுதலையானார். மறு ஆண்டே இறந்தார்.

1627இல் டைக்கோவின் அளவுகளைக் கொண்டு கோள் அட்டவணைகளை வெளியிட்டார் கெப்ளர். வரவேண்டிய பணத்தைத் தேடிப் புறப்பட்ட பயணத்தில், 1630 நவம்பர் 15ஆம் நாள் ரீகன்ஸ்பர்க் நகரில் காலமானார். முப்பதாண்டுப் போரில் அவர் கல்லறையும் அழிந்தது.

1631 நவம்பர் 7ஆம் நாள் புதன் கோள் சூரியனைக் கடக்கும் என்று அவர் முன்னரே கணித்திருந்தார். அன்று பாரிசில் கஸ்ஸெண்டி என்ற அறிஞர் சூரியனின் உருவத்தைத் தாளில் விழச் செய்து காத்திருந்தார். ஒரு கரும்புள்ளி தோன்றியது. எதிர்பார்த்ததைவிட மிகமிகச் சிறியதாக இருந்தமையால், முதலில் அவர் அதைச் சூரியனிலுள்ள களங்கம் என்றே நினைத்தார். புள்ளி நகர்ந்தது.