கருவிகளை நம்பிய விமானி

2005ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் போர்ட் கிள்ளானைப் புகைமூட்டம் சூழ்ந்தது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியதால் அங்கும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அத்தகைய நாள்களில் துறைமுகத்தின் பளுதூக்கிகள் நிழல்போல் மங்கிப்போவதை இவ்வட்டாரத்தார் நன்கு அறிவர். ஆயினும், தரையில் நிற்பவருக்கு மேல் எது, கீழ் எது என்ற ஐயம் எழுவதில்லை. மேகத்திலோ மூடுபனியிலோ சிக்கிய விமானிக்கு அந்த ஐயம் எழும். அதைவிடக் கொடியது, ஐயமே எழாமல் தவறான பக்கத்தை அவர் உறுதியாக நம்பிவிடுவதுதான்.

நம் உட்செவியில் உள்ள நீர்மம் உடலின் அசைவை மூளைக்கு உணர்த்துகிறது. விமானம் மெல்லத் திரும்பிக்கொண்டே இருந்தால், சற்று நேரத்தில் அந்நீர்மமும் அதே வேகத்தில் சுழலத் தொடங்கிவிடும். அதன்பின் திருப்பம் நிகழ்வதே உடலுக்குத் தெரியாது. விமானி திருப்பத்தை நிறுத்தினால், எதிர்ப்பக்கம் திரும்புவதுபோல் ஒரு மயக்கம் தோன்றும். அதைச் சரிசெய்வதாக நினைத்து அவர் மீண்டும் பழைய பக்கமே திருப்புவார். விமானம் சுருள் வடிவில் சரிந்து இறங்கும். 1920களில் அமெரிக்காவில் அஞ்சல் பைகளைச் சுமந்து பறந்த விமானிகளுள் பலர் மோசமான வானிலையில் உயிரிழந்தனர். இந்தச் சிக்கலுக்குத் தீர்வு கண்டவர்களுள் முதன்மையானவர் ஜேம்ஸ் டூலிட்டில்.

டூலிட்டில் 1896ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் கலிபோர்னியாவின் அலமேடா நகரில் பிறந்தார். தந்தையார் தங்கம் தேடி அலாஸ்கா சென்றதால், அவருடைய இளமைக்காலம் நோம் என்னும் குளிர்ந்த ஊரில் கழிந்தது. உருவத்தில் சிறியவர். அதனால் வம்புக்கு வந்தவர்களைச் சமாளிக்கக் குத்துச்சண்டை பழகினார். 1910இல் லாஸ் ஏஞ்சலஸ் அருகே நடந்த விமானக் கண்காட்சி அவரது மனத்தைக் கவர்ந்தது. இதழ் ஒன்றில் வெளியான வரைபடத்தைப் பார்த்து, தாமே ஒரு மிதவை விமானத்தைக் கட்டினார். அது பறக்கவில்லை, விழுந்து நொறுங்கியது. பதின்ம வயதுச் சிறுவன் கட்டிய அவ்விமானத்தில் கருவி என்று ஒன்றுகூட இருந்திருக்காது. 1903இல் ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்தில்கூடக் காற்றின் வேகத்தையும் இயந்திரச் சுழற்சியையும் நேரத்தையும் அளக்கும் மூன்று கருவிகளே இருந்தன.

1917இல் அவர் இராணுவத்தில் சேர்ந்து விமானியானார். 1922 செப்டம்பரில் புளோரிடாவிலிருந்து சான் டியேகோ வரை, அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு, 21 மணி 19 நிமிடங்களில் பறந்தார். எரிபொருள் நிரப்ப ஒரே இடத்தில்தான் இறங்கினார். ஒரு நாளுக்குள் அந்நாட்டைக் கடந்த முதல் விமானி அவரே. அன்றிரவு இடிமழை மேகங்களுக்குள் புக நேர்ந்தது. புறப்படும் முன் தம் விமானத்தில் திருப்பத்தையும் சாய்வையும் காட்டும் கருவியைப் பொருத்தச் செய்திருந்தார். இருளில் விமானத்தை நேராகச் செலுத்த அதுவே துணை நின்றது.

பின்னர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று, 1925இல் வானூர்தியியலில் முனைவர் பட்டம் பெற்றார். காற்றின் போக்கு விமானத்தை எவ்வாறு பாதிக்கிறது என்பது அவரது ஆய்வு. தரை கண்ணுக்குத் தெரியாதபோது காற்று எப்பக்கம் வீசுகிறது என்பதை உணர்ந்துவிட முடியும் என்று அனுபவமிக்க விமானிகள் நம்பினர். அந்நம்பிக்கை பிழையென அவர் கண்டார். துணிச்சல்காரர் ஒருவர் இப்படிப்பட்ட முடிவுக்கு வந்தது வியப்புக்குரியது. ஏனெனில், இதே மனிதர்தான் 1926இல் சிலி நாட்டில் உடற்பயிற்சி வித்தை காட்டப்போய், மேலிருந்து விழுந்து இரு கணுக்கால்களையும் முறித்துக்கொண்டு, கட்டுப் போட்ட கால்களோடு விமானம் ஓட்டியவர்!

1928இல் ஹாரி குகன்ஹைம் தலைமையிலான அறநிதி, மூடுபனியில் பறக்கும் வழியை ஆராய நியூயார்க் அருகேயுள்ள மிட்செல் விமானத்தளத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தை நிறுவியது. அப்பணி டூலிட்டிலிடம் ஒப்படைக்கப்பட்டது. உறுதியான என்.ஒய்-2 என்னும் பயிற்சி விமானத்தை அவர் தேர்ந்தெடுத்தார். பிறகு அதன் கருவிப் பலகையைத் திட்டமிட அமர்ந்தார்.

முதல் கேள்வி, எவை போதவில்லை என்பது. காந்தத் திசைகாட்டி இருந்தது. ஆனால், விமானம் திரும்பும்போது அதன் முள் ஊசலாடித் தவறான திசையைக் காட்டும். உயரமானி இருந்தது, ஆனால், அதன் பிழை நூறு அடி வரை போகக்கூடும். மேகத்திற்கு மேலே பறப்பவருக்கு நூறு அடி பெரிதன்று. தரையைத் தேடி இறங்குபவருக்கு அதுவே உயிர். பால் கோல்ஸ்மன் என்பவர் உருவாக்கிய புதிய உயரமானி சிறிய உயர வேறுபாட்டையும் துல்லியமாகக் காட்டியதால் அது பலகையில் இடம்பெற்றது.

திசையையும் சாய்வையும் ஒருசேரக் காட்டும் கருவி ஒன்றை டூலிட்டில் வரைந்து, எல்மர் ஸ்பெரியின் நிறுவனத்தை நாடினார். ஒரே கருவியாகச் செய்வது கடினம். இரண்டாகப் பிரித்தால் எளிது என்பது ஸ்பெரியின் கருத்து. டூலிட்டில் அதனை ஏற்றார். இரண்டுக்கும் அடிப்படை நாம் விளையாடும் பம்பரமே. வேகமாகச் சுழலும் பம்பரம் தன் அச்சை எளிதில் மாற்றிக்கொள்ளாது. விமானம் எப்படிச் சாய்ந்தாலும் உள்ளே சுழலும் சக்கரம் தன் நிலையை விடாது. அச்சக்கரத்தோடு இணைந்த கோடு, வெளியே தெரியாத தொடுவானத்தைப் பலகையில் காட்டும். அதுவே செயற்கைத் தொடுவானம். மற்றொன்று, ஊசலாடாமல் திசையைக் காட்டும் சுழல் திசைகாட்டி.

தளத்தின் வானொலி அலைகளைப் பெறும் கருவியில் இரண்டு மெல்லிய தகடுகள் அதிர்ந்தன. இரண்டின் அதிர்வும் சமமாக இருந்தால் விமானம் சரியான பாதையில் செல்கிறது. ஒன்று நீண்டால் விலகிவிட்டது என்று பொருள்.

சோதனைகள் நடந்த காலத்திலேயே மூடுபனியின் கொடுமையை டூலிட்டில் நேரில் சந்தித்தார். இக்கருவிகள் அனைத்தும் இல்லாத வேறொரு விமானத்தில் இரவில் திரும்பும்போது, இறங்க இடம் தெரியாமல் அலைந்தார். எரிபொருள் தீரும் தறுவாயில் மரத்தில் மோதி இறங்க நேர்ந்தது. விமானம் உருக்குலைந்தது, அவர் காயமின்றித் தப்பினார்.

1929ஆம் ஆண்டு செப்டம்பர் 24. காலையில் மிட்செல் தளத்தை அடர்ந்த மூடுபனி மறைத்திருந்தது. டூலிட்டிலின் இருக்கை துணிக்கூண்டால் முற்றிலும் மூடப்பட்டது. வெளியே ஒன்றும் தெரியாது. பலகை மட்டுமே தெரியும். பாதுகாப்புக்காக முன்னிருக்கையில் பெஞ்சமின் கெல்சி என்னும் விமானி அமர்த்தப்பட்டார். தாம் எதையும் இயக்கவில்லை என்பதைத் தரையில் இருந்தோர் காணும்படி, கெல்சி தம் கைகளை வெளியே உயர்த்திக் காட்டினார். விமானம் மேலெழுந்து, திரும்பி, தளத்தின் மேலாகப் பறந்து, மீண்டும் திரும்பித் தரையிறங்கியது. மொத்தம் 15 நிமிடங்கள். இறங்கிய விதம் டூலிட்டிலுக்கு நிறைவளிக்கவில்லையாம். எனினும், புறப்பாடு முதல் தரையிறக்கம் வரை வெளியே பார்க்காமல் விமானத்தைச் செலுத்த முடியும் என்பது உலகுக்குப் புலனாயிற்று.

செயற்கைத் தொடுவானம் நடுவில் மேலே, வேகமானி அதன் இடப்பக்கம், உயரமானி வலப்பக்கம், திசை காட்டுவது அடியில் என்னும் ஒழுங்கு பிற்காலத்தில் நிலைபெற்றது. இன்று வீட்டுக் கொட்டகையில் சிறு விமானம் கட்டும் ஆர்வலர்களும் இவ்வொழுங்கையே பின்பற்றுகின்றனர். பலகையை வெட்டும் முன், கருவிகளின் அளவில் தாளை வெட்டி அட்டையில் ஒட்டி, இருக்கையில் அமர்ந்து பார்ப்போரும் உண்டு. பம்பரச் சக்கரத்தின் வேலையை இப்போது விரல்நுனி அளவுள்ள சில்லு செய்கிறது; திரை ஒன்றே பல கருவிகளையும் காட்டுகிறது. மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் புதிதாகச் சேர்ந்துள்ளது. ஆதலால், மாற்று மின்கலமும் திட்டத்தில் இடம்பெறுகிறது.

மலாயா ஜப்பானியர் பிடியில் இருந்த 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள், டூலிட்டில் 16 குண்டுவீச்சு விமானங்களுக்குத் தலைமையேற்றுக் கப்பலிலிருந்து புறப்பட்டுத் தோக்கியோவைத் தாக்கினார். பின் சீனாவை நோக்கிப் பறந்தபோது இருளும் மழையும் மேகமும் சூழ்ந்தன. அங்கிருந்து வழிகாட்ட வேண்டிய வானொலிக் கருவி இயங்கவில்லை. பலகையை நம்பியே பறந்த அவர், சுமார் 13 மணி நேரத்திற்குப் பின் எரிபொருள் தீரவே, தம் குழுவினரோடு வான்குடை கட்டிக் குதித்தார். விழுந்தது ஒரு நெல்வயலில். விமானிகளுக்கு அடைக்கலம் தந்த சீனக் கிராமத்தாரை ஜப்பானியப் படை பின்னர்க் கடுமையாகப் பழிவாங்கியது.

டூலிட்டில் 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள், கலிபோர்னியாவில் தம் 96ஆம் வயதில் காலமானார். அவரது உடல் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.