சி.டி. ஸ்கேனுக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு: யார் இந்த ஜி.என்.ராமச்சந்திரன்?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு வண்டலூர்–வாலாஜாபாத் சாலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நைட் ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வரும்போது விழுந்து, தலையில் அடி என்று யாரையாவது கொண்டு போனால், எமர்ஜென்சியில் முதலில் எடுப்பது சி.டி. ஸ்கேன்தான். உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறதா? மண்டையைத் திறக்கணுமா? திறந்தால் எந்த இடத்தில்? கத்தி எடுப்பதற்கு முன்பே சில நிமிடங்களில் பதில் ஸ்கிரீனில் வந்துவிடும்.

அந்தப் படம் உருவாகும் கணக்கில் ஒரு தமிழரின் பங்கு இருக்கிறது. அவர் டாக்டர் இல்லை, எந்த ஸ்கேன் மெஷினையும் கட்டியதும் இல்லை.

கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் ராமச்சந்திரன். 1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் பிறந்தார். அப்பா கணிதப் பேராசிரியர் என்பதால் வீட்டிலேயே கணக்கு. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் சேர்ந்தார். அங்கே இருந்த சர் சி.வி.ராமன் கண்ணில் பட்டார். அவ்வளவுதான், மறுபடியும் இயற்பியல். பிறகு கேம்பிரிட்ஜ் போய் ஒரு பிஎச்.டி.

1952-ல் மெட்ராஸ் பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டது. துணைவேந்தர் ஏ.லட்சுமணசாமி முதலியார் பிரபலமான மகப்பேறு மருத்துவர். 30 வயதுகூட சரியாக நிரம்பாத ஒருவரை இயற்பியல் துறைக்கே தலைவராக்கினார். இன்றைக்கு நம்மில் பலர் முதல் அப்ரைசலுக்கே அல்லாடும் வயசு அது!

கிண்டியில் அவர் கையில் எடுத்தது கொலாஜன். நம் தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்திருக்கும் புரதம். கங்காரு வால் தசைநாணில் எக்ஸ்-ரே பாய்ச்சி, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-ல் அதன் அமைப்பைச் சொன்னார்: கயிறு முறுக்கியது போல மூன்று இழைகள். பக்கத்திலிருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆடிட்டோரியத்துக்கு ‘ட்ரிப்பிள் ஹெலிக்ஸ்’ என்று பெயர் வந்த கதை இதுதான். 1963-ல் சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரனுடன் போட்ட ‘ராமச்சந்திரன் பிளாட்’ உலகம் முழுக்க உயிர்வேதியியல் மாணவர்களுக்குப் பாடம்.

சரி, ஸ்கேன் எங்கே வந்தது? 1971-ல். மெட்ராஸை விட்டு அவர் பெங்களூருக்குப் போன காலம். ஏ.வி.லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் இதழில் ஐந்து பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதினார்.

அதில் இருக்கும் விஷயம் இதுதான். எக்ஸ்-ரே என்பது நிழல். ஒரே பொருளைச் சுற்றிச் சுற்றிப் பல கோணங்களில் நிழல் எடுத்தால், உள்ளே இருப்பதைக் கணக்குப் போட்டு எடுக்கலாம். நிழல்களை அப்படியே வந்த வழியில் திருப்பிப் பரப்பினால் படம் கலங்கித் தெரியும். இதைத் தவிர்க்க ஃபூரியே உருமாற்றம் என்ற சுற்றுவழி இருந்தது. அன்றைய கம்ப்யூட்டருக்கு அது பெரிய சுமை. இவர்கள் சொன்னது நேர்வழி: ஒவ்வொரு நிழலையும் பரப்புவதற்கு முன் ஒரு எண் வரிசையால் பெருக்கிக் கூட்டு. நடு எண் பாசிட்டிவ், பக்கத்து எண்கள் நெகட்டிவ். அந்த நெகட்டிவ் எண்கள் கலங்கலை அடித்துவிடும். வெறும் பெருக்கல், கூட்டல்தான். எல்லா நிழலும் வந்து சேரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

இது எவ்வளவு பெரிய விஷயம்? இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்டின் ஆரம்பகால சோதனையில் 28,000 அளவீடுகளை ஒரு படமாக்க கம்ப்யூட்டருக்கு இரண்டரை மணி நேரம் பிடித்தது. தலையில் ரத்தக் கசிவு இருப்பவரால் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியுமா?

இங்கே ஒன்றைச் சொல்லியாகணும். ராமச்சந்திரன்தான் சி.டி. ஸ்கேனைக் கண்டுபிடித்தார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது உண்மை இல்லை. மெஷினைக் கட்டி, 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளிக்கு ஸ்கேன் எடுக்க வழிசெய்தவர் ஹவுன்ஸ்ஃபீல்ட். 1979 நோபல் அவருக்கும் கோர்மாக்குக்கும் போனது. வானொலி வானியலில் பிரேஸ்வெல், ரிடில் என்ற இருவர் 1967-லேயே இதே மாதிரி வழியைக் காட்டியிருந்தார்கள். ஆனாலும் பல பத்தாண்டுகள் ஸ்கேனர்களின் முதுகெலும்பாக இருந்தது இந்த வடிகட்டிப் பரப்பும் முறைதான். அதில் இவர்கள் பெயர் நிலைத்தது நியாயம்தான் என்பது என் கருத்து.

இதய சிகிச்சைக்கு வருவோம். நெஞ்சைப் பிளக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாக மடித்த வால்வைக் கொண்டுபோய்ப் பொருத்தும் ‘டாவி’ சிகிச்சைக்கு முன்னால் சி.டி. எடுத்து வால்வு உட்காரும் வளையத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளப்பார்கள். வால்வு சின்னதாகப் போனால் ஓரத்தில் ரத்தம் கசியும், நழுவவும் செய்யும். பெரிதாகப் போனால் வளையமே கிழியலாம். இதில் ஒரு வேடிக்கை, அந்த வால்வுகள் பலவற்றின் இதழ் மாட்டின் இதய உறையில் செய்தது. அதாவது கொலாஜன். அளக்கும் கணக்கு, பொருத்தும் பொருள், இரண்டிலும் அதே மனிதர்!

ஒரகடத்தில் சிப்காட் 350 ஏக்கரில் மருத்துவக் கருவிகள் பூங்கா திட்டத்தைக் கையில் எடுத்திருக்கிறது. கார் பாகங்கள் போலவே ஸ்கேனர் பாகங்களும் இந்தச் சாலையில் லாரி ஏறலாம். 1971-ல் கணக்கு இங்கே இருந்தது, மெஷின் இல்லை.

ராமச்சந்திரன் 1977-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1998-ல் மனைவி ராஜலட்சுமி இறந்தார். பார்கின்சன் நோயோடு கடைசி வருடங்களைக் கழித்தவர், 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் காலமானார்.

ஆபீஸ் லேப்டாப்பில் மேட்லேப் இருந்தால் ‘ஐரேடான்’ ஃபங்ஷனின் ஹெல்ப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஃபில்டர் எதுவும் நீங்கள் சொல்லாவிட்டால் அது தானாக எடுத்துக்கொள்வது ‘ராம்-லாக்’. ராம் இவர், லாக் லட்சுமிநாராயணன்.